காற்றைக் கேட்டுப் பறத்தல்

நுழையும்முன்

ஒரு வானூர்தி மற்றொன்றைவிடப் பாதுகாப்பானது என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? நேர்ந்த விபத்துகளை எண்ணினால் போதுமா? எண்ணிக்கை சொல்லாமல் விடுபவை எவை? இராமேசுவரத்தில் பிறந்த ஒருவரின் வாழ்வில் நேர்ந்த நிகழ்வில் தொடங்கி, சிறிய தனியார் வானூர்திகளின் பாதுகாப்பை ஒப்பிட்டு அறியும் முறையை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரே நாள், இரண்டு ஊர்திகள்

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள். அப்போது இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், மாணவர்களைச் சந்திப்பதற்காக ராஞ்சியிலிருந்து பொகாரோவுக்கு ஹெலிகாப்டரில் சென்றார். தரையிறங்கும் வேளையில் அந்த ஹெலிகாப்டர் விழுந்தது. அதில் இருந்தோர் உயிர் தப்பினர். கலாம் தம் நிகழ்ச்சியைக் கைவிடாமல் மாணவர்களைச் சந்தித்தார்.

அதே நாளில் தில்லியிலிருந்து கான்பூருக்குச் சென்றுகொண்டிருந்த சிறிய தனியார் வானூர்தி ஒன்று, உத்தரப்பிரதேசத்தின் மைன்புரி மாவட்டத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் பயணம் செய்த முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியாவும் உடன் சென்ற செய்தியாளர்களும் விமானிகளும் உயிரிழந்தனர். அது ‘பீச்கிராஃப்ட் கிங் ஏர் சி-90’ என்னும் வகையைச் சேர்ந்தது. இரண்டு எஞ்சின்களைக் கொண்டது. இவ்விரு நிகழ்வுகளும் ஒரே நாளில் நேர்ந்ததைக் கலாம் தம்முடைய ‘எழுச்சி தீபங்கள்’ நூலின் தொடக்கத்தில் நினைவுகூர்கிறார்.

அன்றைய செய்தித்தாளைப் படித்த ஒருவர், ‘ஹெலிகாப்டர் விழுந்தும் அனைவரும் பிழைத்தனர்; இரட்டை எஞ்சின் வானூர்தி விழுந்து அனைவரும் இறந்தனர்; எனவே ஹெலிகாப்டரே பாதுகாப்பானது’ என்று முடிவு செய்திருக்கக்கூடும். எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 2009 செப்டம்பர் 2ஆம் நாள், ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் மோசமான வானிலையில் நல்லமலைக் காட்டில் விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போது அதே மனிதர் தம் முடிவை மாற்றிக்கொள்வாரா? ஒரு நிகழ்வைக் கொண்டு ஓர் ஊர்தியின் பாதுகாப்பை அளக்க முயன்றால், அடுத்த நிகழ்வு அந்த அளவையைக் கவிழ்த்துவிடும்.

எண்ணிக்கையும் வீதமும்

இராமநாதபுரக் கடற்கரையில் வளர்ந்தவர்க்கு இதனைப் படகைக் கொண்டு விளக்குவது எளிது. ஒரு துறையில் 300 படகுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டில் 200 நாள் கடலுக்குச் செல்கிறது. அவ்வாண்டில் 6 விபத்துகள் நேர்கின்றன என்று கொள்வோம். மற்றொரு துறையில் 40 படகுகள். ஆண்டில் 100 நாளே செல்கின்றன. 2 விபத்துகள் நேர்கின்றன. ஆறு பெரிதா, இரண்டு பெரிதா என்று கேட்டால் சிறுவனும் விடை சொல்வான். ஆனால் முதல் துறையின் படகுகள் 60,000 முறை கடலுக்குச் சென்று வந்தன. இரண்டாம் துறையின் படகுகள் 4,000 முறையே சென்றன. பத்தாயிரம் பயணத்துக்கு முதல் துறையில் ஒரு விபத்து. இரண்டாம் துறையிலோ ஐந்து. குறைந்த எண்ணிக்கை கொண்ட துறைதான் ஐந்து மடங்கு ஆபத்தானது.

இவ்வாறு வகுத்துப் பெறும் அளவே விபத்து வீதம். வானூர்தித் துறையில் பெரும்பாலும் ஓர் இலட்சம் பறப்பு மணிக்கு எத்தனை விபத்து என்று கணக்கிடுவர். சிறிய வானூர்திகள் மிகுதியாகப் பறக்கும் அமெரிக்க நாட்டில், பறந்த மணிகளை ஆண்டுதோறும் ஆய்ந்து மதிப்பிடுகின்றனர். அண்மைக் காலத்தில் அங்கே ஓர் இலட்சம் பறப்பு மணிக்கு ஏறத்தாழ ஓர் உயிரிழப்பு விபத்து நேர்கிறது. நேரஅட்டவணைப்படி இயங்கும் பெரிய பயணியர் விமானங்களின் வீதம் இதனினும் மிக மிகக் குறைவு. ‘விமானப் பயணம் மிகவும் பாதுகாப்பானது’ என்று கேள்விப்படும் கூற்று, பெரிய விமானங்களுக்கு உரியது. அதைச் சிறிய தனியார் வானூர்திக்கும் சேர்த்துச் சொல்வது, கப்பலுக்குச் சொன்னதைத் தோணிக்கும் சொல்வது போன்றது.

எதனால் வகுக்கிறோம் என்பதிலும் கருத்தாக இருத்தல் வேண்டும். விபத்துகளில் பெரும்பகுதி எழும்பும்போதும் இறங்கும்போதும் நேர்கின்றன. பயிற்சி வானூர்தி ஒரு மணி நேரத்தில் பலமுறை இறங்கி எழும்பும்; தொலைதூரம் செல்லும் வானூர்தியோ மூன்று மணி நேரம் பறந்து ஒருமுறை இறங்கும். மணிக்கணக்கில் ஒப்பிட்டால் பயிற்சி வானூர்திக்கு அநீதி இழைத்தவராவோம். தொலைவால் வகுத்தால் விரைந்து செல்வது நல்ல பெயர் பெறும். மெல்லச் செல்வது கெட்ட பெயர் பெறும்.

விபத்து என்னும் சொல்லும் ஒரு பொருளைக் குறிப்பதன்று. 1955இல் முதன்முதலாகப் பறந்து, இன்றுவரை 44,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்ட ‘செஸ்னா 172’ உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் காணப்படும் வானூர்தி. பயில்பவர் தடாலென இறக்கி முன்சக்கரத்தை ஒடித்துக்கொள்வதும் விபத்துக் கணக்கில் சேரும். அவர் நடந்தே வெளியேறிவிடுவார். இதன் உயிரிழப்பு வீதம் குறைவாக இருப்பதற்கு, அது மெல்ல இறங்கக்கூடியதாக அமைந்திருப்பது ஒரு காரணம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகுவதை இயற்பியல் பாடத்தில் மாணவர் பயின்றிருப்பர். வேகம் இருமடங்கானால், தரையில் மோதும்போது உடல் தாங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும்.

இராமேசுவரத்தில் கலாமின் ஆசிரியராக இருந்த சிவசுப்பிரமணியர், பறவை பறக்கும் முறையை வகுப்பில் விளக்கியபின் மாணவரைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். இன்றும் தனுஷ்கோடிக் கழிமுகத்தில் வந்திறங்கும் பூநாரைகளை உற்றுநோக்கினால் ஒன்று புலப்படும். அவை காற்றை எதிர்நோக்கியே இறங்குகின்றன. எதிர்க்காற்று தரைவேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து இறங்குவது என்பதை விமானி முடிவு செய்வதும் இதே கணக்கைக் கொண்டுதான்.

அஞ்சல் சுமந்த விட்டில்

வீதமும் சில வேளைகளில் ஏமாற்றும். அதற்கு நம் நாட்டு வான்பயண வரலாற்றின் முதற்பக்கமே சான்று.

கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15ஆம் நாள். அவருக்கு ஓராண்டு நிறைந்த அதே நாளில், 1932 அக்டோபர் 15இல், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் பைகளைச் சுமந்து தாமே வானூர்தியை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். அந்தச் சிறிய ஒற்றை எஞ்சின் வானூர்தியின் பெயர் ‘புஸ் மாத்’. இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் தன் சிறு வானூர்திகளுக்கு விட்டில் பூச்சிகளின் பெயர்களைச் சூட்டி வந்தது. டாட்டா நிறுவனம் முதலாண்டில் ஏறத்தாழ 1,60,000 மைல் பறந்தது; 155 பயணிகளையும் ஏற்றிச் சென்றது. பருவமழைக் காலத்திலும் அஞ்சல் தவறாது சென்று சேர்ந்ததை அரசின் அறிக்கை பாராட்டியது.

அதே ஆண்டுகளில் அதே வகை வானூர்திகள் பிற நாடுகளில் வானிலேயே உடைந்து விழுந்துகொண்டிருந்தன. 1931 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டிரேக்கன்ஸ்பெர்க் மலைப்பகுதியில், கொந்தளிப்பான காற்றில் சென்ற கிளென் கிட்ஸ்டன் என்னும் புகழ்பெற்ற விமானியின் ‘புஸ் மாத்’ இறக்கை முறிந்து வீழ்ந்தது. இது போன்ற வீழ்ச்சிகள் தொடர்ந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்கியபோது மலைக்காற்று, மேகம், விமானியின் துணிச்சல் என்று வெவ்வேறு காரணங்கள் தோன்றின. எல்லாவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கிச் சோதனைகளும் நடத்திய பின்னரே, இறக்கையைத் தாங்கும் தண்டின் அமைப்பில் குறை இருப்பது தெளிவாயிற்று. அதனை வலுப்படுத்தச் சிறிய துணைத்தண்டு ஒன்று பொருத்தப்பட்டது.

டாட்டாவின் நற்பதிவு பொய்யன்று. அது கவனமான பராமரிப்புக்கும் திறமான ஓட்டுதலுக்கும் கிடைத்த பயன். எனினும் ஒரு நிறுவனத்திடம் இருந்த ஓரிரு வானூர்திகளின் நற்பதிவைக் கொண்டு அவ்வகை முழுவதும் குறையற்றது என்று சொல்லியிருந்தால் அது பிழையாகியிருக்கும். சிறிய கூட்டத்தில் நேராதது பெரிய கூட்டத்தில் நேரும். நம் நாட்டில் சிறிய தனியார் வானூர்திகளின் எண்ணிக்கை இன்றும் குறைவே. ஆகவே ஓராண்டில் ஒரு விபத்து கூடினாலும் குறைந்தாலும் வீதம் தாவி ஏறும், சரிந்து இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மகிழ்வதும் அஞ்சுவதும் அறிவுடைமை ஆகா.

வால் மட்டும் வேறுபட்ட உடன்பிறப்புகள்

பிழையற ஒப்பிடுவதற்கு, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் ஒத்திருக்கும் இரண்டு பொருள்கள் வேண்டும். அறிவியலின் இந்த அடிப்படை விதிக்கு வானூர்தி வரலாற்றில் கிடைத்த எடுத்துக்காட்டு ‘பொனான்சா’.

அமெரிக்காவின் பீச் நிறுவனம் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வானூர்திக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிற வானூர்திகளின் வாலில் படுக்கையாக இரண்டு தகடுகளும் நிமிர்ந்து ஒன்றும் இருக்கும். இதிலோ சாய்வான இரண்டு தகடுகள் மட்டும், ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல நின்றன. அழகும் விரைவும் கொண்டிருந்ததால் வசதி படைத்த மருத்துவரும் வழக்கறிஞரும் விரும்பி வாங்கினர். காலப்போக்கில் அதற்கு ‘மருத்துவர்கொல்லி’ என்னும் பட்டப்பெயர் வந்தது. பணம் இருந்தும் பழக்கம் போதாதவர்கள் வாங்கியதால் விழுகிறது என்றனர் ஒரு சாரார். வாலின் அமைப்பே குறை என்றனர் மற்றொரு சாரார். வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இந்த வழக்கைத் தீர்க்க உதவியது அதன் உடன்பிறப்பு. 1960இல் அதே நிறுவனம் ஏறத்தாழ அதே உடலும் அதே இறக்கையும் கொண்டு, வழக்கமான மூன்று தகட்டு வாலுடன் மற்றொரு வகையைக் கட்டியது. வாங்கியவர்களும் ஒரே தரத்தினர். பறந்த வானமும் ஒன்று. மருத்துவரின் பழக்கக் குறைவே காரணமாயின் இரண்டும் ஒரே வீதத்தில் உடைந்திருக்க வேண்டும். ஆனால் வானில் உடைந்தவற்றில் சாய்வால் கொண்டவையே மிகுதி.

உடைவது எவ்வாறு? மேகத்துள் புகுந்த விமானிக்குத் தொடுவானம் மறைந்துவிடுகிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, மெல்லத் தொடங்கும் சாய்வை உணராது. நேராகச் செல்வதாக எண்ணிக்கொண்டிருக்கையிலேயே வானூர்தி ஒருபுறம் சாய்ந்து சுழன்று கீழிறங்கும். வழவழப்பான உடல் கொண்ட வானூர்தியில் வேகம் நொடிகளில் எல்லை கடக்கும். திடுக்கிட்ட விமானி கட்டுப்பாட்டைச் சட்டென இழுப்பார். அந்த நொடியில் வலுக்குறைந்த பகுதி முறியும். அமெரிக்க வான்பயண நிருவாகத்தின் சிறப்பாய்வுக்குப் பின், 1987இல் சாய்வால் தகடுகளின் அடிப்பகுதியை வலுப்படுத்தும் உலோகப் பட்டைகளைப் பொருத்துமாறு ஆணையிடப்பட்டது. வானில் உடையும் நிகழ்வுகள் அதன்பின் பெரிதும் குறைந்தன.

விமானிகளைப் பழித்தவர்களும் முழுதும் தவறு செய்தவர்கள் அல்லர். மேகத்துள் நிலைதடுமாறியது மனிதனே. உடைந்தது மட்டுமே வால். வால் உடையாவிட்டாலும் அவ்வாறு தடுமாறியவர் பிழைப்பார் என்பதற்கு உறுதியில்லை. 1999 சூலை 16ஆம் நாள் இரவு, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த கென்னடியின் மகன் தம் மனைவியுடனும் அவர்தம் சகோதரியுடனும் தாமே ஓட்டிச் சென்ற ‘பைப்பர் சரட்டோகா’ அட்லாண்டிக் கடலில் விழுந்தது. மேகம் இல்லை, எஞ்சின் பழுதும் காணப்படவில்லை. மங்கலான இரவில் கடலும் வானும் ஒன்றாகிப்போனமையால் அவர் திசையுணர்வை இழந்தார் என்பது ஆய்வின் முடிவு. பாக் நீரிணையின் மீது மாலை மயங்கும் வேளையில், பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று வடக்கே நோக்கியவர்க்கு இது விளங்கும். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சில நாள்களில் கண் பிரித்தறிய இயலாது. பாலத்தில் நிற்பவர்க்கு அது காட்சி. காலடியில் தரையில்லாத விமானிக்கு அது கண்கட்டு.

வான்குடை இருந்தும்

1985இல் ஆலன் கிளாப்மையர் என்னும் அமெரிக்க இளைஞர் ஓட்டிய சிறு வானூர்தி மற்றொன்றுடன் வானில் மோதியது. மற்றவர் இறந்தார். இறக்கையின் ஒரு பகுதியை இழந்தும் கிளாப்மையர் தரையிறங்கினார். பின்னாளில் அவரும் தம்பியும் நடத்திய ‘சிர்ரஸ்’ நிறுவனம், வானூர்தி முழுவதையும் தாங்கி இறக்கும் பெரிய வான்குடையைப் பொருத்தி ஒரு வகையை உருவாக்கியது. 1998இல் அதற்குச் சான்றிதழ் கிடைத்தது. கூரையில் உள்ள கைப்பிடியை இழுத்தால் போதும். வான்குடை விரிந்து, வானூர்தி பயணிகளுடன் மெல்லக் கீழே வரும். 2002இல் முதன்முறையாக ஒரு விமானி இவ்வாறு உயிர் பிழைத்தார்.

இத்தகைய வானூர்தியின் உயிரிழப்பு வீதம் உடனே வீழ்ந்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். அவ்வாறு நேரவில்லை. முதற்பத்தாண்டில் அதன் பதிவு ஏனைய சிறு வானூர்திகளைவிடச் சிறந்ததாக இல்லை. விபத்தாய்வுகளைப் புரட்டியபோது வருந்தத்தக்க உண்மை ஒன்று தெரியவந்தது. இறந்தவர்களுள் பலர் கைப்பிடியை இழுக்கவேயில்லை; வேறு சிலர், வான்குடை விரிய இடமில்லாத தாழ்ந்த உயரத்துக்கு வந்தபின் இழுத்தனர். ‘என்னால் சமாளிக்க இயலும்’ என்னும் நம்பிக்கை கடைசி நொடிவரை கையைத் தடுத்தது. வான்குடை இருக்கிறதே என்னும் துணிவில் போகக்கூடாத வானிலையில் புறப்பட்டோரும் இருந்தனர்.

நிறுவனமும் உரிமையாளர் சங்கமும் பயிற்சி முறையை மாற்றின. எந்த உயரத்தில், எந்த நிலையில் இழுப்பது என்பதைப் புறப்படும்முன்பே வாய்விட்டுச் சொல்லப் பழக்கின. இழுப்பது தோல்வியன்று என்பதைத் திரும்பத் திரும்ப உணர்த்தின. அதன்பின் உயிரிழப்பு வீதம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இன்று வான்குடையால் காக்கப்பட்ட நிகழ்வுகள் நூற்றைக் கடந்துள்ளன. பத்தாண்டின் முன்னும் பின்னும் வான்குடை ஒன்றே, மாறியது கை.

ஜப்பானில் கட்டப்பட்ட ‘மிட்சுபிசி எம்யூ-2’ என்னும் இரட்டை எஞ்சின் வானூர்தியின் கதையும் இதனை ஒத்ததே. மிகுந்த விபத்து வீதத்தால் அதனைத் தடைசெய்ய வேண்டும் என்றுகூடக் குரல் எழுந்தது. 2008இல் அமெரிக்க அரசு தடைசெய்யாமல், அதனை ஓட்டுவோர்க்கெனத் தனிப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஊர்தி மாறவில்லை, விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

தெரிந்து தெளிவோம்

வலவன் செலுத்தாமல் தானே இயங்கும் வானவூர்தியைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் வான்தளம் அமைந்துள்ளது. 2009இல் பணியில் இணைக்கப்பட்ட அத்தளத்தின் பெயர் ‘பருந்து’. ஆளில்லா வானூர்திகளும் அங்கிருந்து இயக்கப்பட்டுள்ளன.

விசயையின் மயிற்பொறி

ஓட்டுபவரின் மனநிலையே பயணத்தின் முடிவை உறுதி செய்யும் என்பதைத் தமிழ்க் காப்பியம் ஒன்று முன்னரே காட்டியிருக்கிறது. சீவக சிந்தாமணியில், பகை சூழ்வதை உணர்ந்த சச்சந்தன், கருவுற்றிருந்த அரசி விசயைக்காக வானில் பறக்கும் மயிற்பொறியைச் செய்விக்கிறான். பொறியை ஒருபுறம் திருகினால் மேலெழும்; மறுபுறம் திருகினால் கீழிறங்கும். திருத்தக்கதேவர் இங்கே ஒரு நுட்பம் செய்கிறார்: அரசி அதனை முன்பே ஓட்டிப் பழகுகிறாள். ஆபத்து வந்த நாளில் முதன்முறையாக ஏறியவள் அல்லள் அவள். அத்தகைய பழக்கம் இருந்தும், பகைவனின் வெற்றிமுரசு கேட்டுக் கணவன் மாண்டதை உணர்ந்த நொடியில் அறிவு மயங்குகிறாள். பொறி இடுகாட்டில் போய் இறங்குகிறது. பொறியில் பழுதில்லை. இன்றைய ஆய்வாளர் இதனை ‘மனிதக் காரணி’ என்னும் தலைப்பில் பதிவர்.

பழுது எங்கே என்று தேடுவது பழி சுமத்துவதற்காக அன்று. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையைச் சார்ந்த விதிகள், விபத்தாய்வின் நோக்கம் விபத்தைத் தடுப்பதே. குற்றம் சாட்டுவதன்று என்று வரையறுக்கின்றன. நம் நாட்டில் இதற்கெனத் தனியே வானூர்தி விபத்துப் புலனாய்வுப் பணியகம் 2012இல் நிறுவப்பட்டது. உயிர் பிழைத்த விமானி அஞ்சாமல் உண்மை சொன்னால்தான் அடுத்த விமானி பிழைப்பார்.

காற்று வேகமானி

விமானிகளின் உயிர்கொல்லும் பிழைகளுள் ஒன்று, புறப்படக்கூடாத வேளையில் புறப்படுவது. பெரிய நிறுவனங்களில் ‘போகலாம், போகக்கூடாது’ என்பதை வகுக்கும் விதிகள் பல. வானிலையைக் கணிக்கவும் வழியைத் திட்டமிடவும் தரையில் ஆள்கள் உண்டு. சிறிய தனியார் வானூர்தியில் அந்த முடிவு பெரும்பாலும் ஒருவர் தலையில் விழுகிறது. பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரோ உரிமையாளர், அல்லது பல்லாயிரவர் காத்திருக்கும் கூட்டத்துக்குச் செல்லவேண்டிய தலைவர். அவரிடம் ‘இன்று இயலாது, ஐயா’ என்று சொல்ல ஓட்டும் திறமையைக் காட்டிலும் பெரிய திறமை வேண்டும்.

இராமேசுவரத் தீவு இதனைப் பெருவிலை கொடுத்து அறிந்தது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் அதனைக் கடந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் இருப்புப்பாதையும் ஐம்பது ஆண்டுகள் மக்களைச் சுமந்தன. அந்த ஐம்பதாண்டுப் பதிவை மட்டும் நோக்கியவர்க்கு அஞ்சுவதற்குக் காரணம் தோன்றியிராது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணியர் தொடர்வண்டி புயலலையில் அடித்துச் செல்லப்பட்டது; நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் கைகாட்டி விளக்கு எரியாததால் வண்டி காத்துநின்றது என்றும், பின்னர் ஓட்டுநர் துணிந்து வண்டியை நகர்த்தினார் என்றும் கூறுவர். கடலுக்கும் இருளுக்கும் நடுவே நின்ற அம்மனிதரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்காமல் எவரும் அவரைக் குறைகூறல் ஆகாது. அவருக்குக் காற்றின் வேகத்தைச் சொல்லும் கருவியும் இல்லை. நில் என்று சொல்லும் விளக்கும் இல்லை.

சிதைந்த பாலத்தை இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாள்களில் சீரமைத்தனர். பின்னாளில் அப்பாலத்தில் காற்று வேகமானி அமைக்கப்பட்டது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தால் கைகாட்டி தானே சிவப்பாகும். அங்கே ஓட்டுநரின் துணிச்சலுக்கு வேலையில்லை. பயணிகளின் அவசரத்துக்கும் செவியில்லை. 2025இல் புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் திறக்கப்பட்ட பின்னரும் காற்றைக் கேட்டே வண்டியை விடும் முறை தொடர்கிறது.

விமானியின் பதிவேட்டில் பறந்த மணிகள் மட்டுமே எழுதப்படும். மேகத்தைக் கண்டு திரும்பி வந்து வானூர்தியைக் கொட்டகையில் நிறுத்திய நாளுக்கு அதில் வரியில்லை. கச்சான் காற்று மாறியதைப் பார்த்து, வலையைச் சுருட்டிக்கொண்டு கரையிலேயே இருந்துவிட்ட மீனவரின் நாளையும் எந்த அட்டவணையும் குறிப்பதில்லை. மண்டபத்தில் சிவப்பு விளக்கின்முன் நிற்கும் தொடர்வண்டியில், நேரமாகிறது என்று சிலர் முணுமுணுப்பர். சன்னலோரத்துக் குழந்தை கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். காற்று தணியும், விளக்கு மாறும், வண்டி மெல்லப் பாலத்தில் ஏறும்.

கற்பவை கற்றபின்…

உங்கள் பகுதி மீனவர் அல்லது ஓட்டுநர் ஒருவரைச் சந்தித்து, ‘இன்று புறப்படுவதில்லை’ என அவர் முடிவு செய்த நாள்களைப் பற்றி உரையாடுங்கள். எந்த அறிகுறியைக் கொண்டு அவ்வாறு முடிவு செய்தார் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

செய்தித்தாளில் வரும் விபத்துப் புள்ளிவிவரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எண்ணிக்கையா, வீதமா என ஆராய்ந்து, வீதமாக மாற்ற வேறென்ன விவரம் தேவை என்பதை வகுப்பறையில் விவாதிக்க.